பஸ்ஸில் போனவர்கள் எழுதின வரலாறு

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனது ஸ்பெஷல் பஸ்ஸில். பஸ் நல்ல பஸ்தான், ஜன்னலோர சீட்டும் கிடைச்சது. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பைபாஸை விட்டு இறங்கின இடத்தில் வண்டி நின்னுடுச்சு. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, யாராச்சும் முன்னாடி வந்து உக்காந்து வழி சொல்லுங்கண்ணே, இந்த ரூட்டு எனக்குப் புதுசு" என்றார். வேற மாவட்டத்து டிப்போவில் இருந்து பண்டிகைக்காக அனுப்பி வச்சிருக்காங்க. ஒரு பெரியவர் எழுந்து போய் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "லெஃப்ட்ல ஒடிங்க தம்பி" என்று ஆரம்பித்தார். விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டோம்.

அந்தப் பெரியவர் மாதிரி ஒருத்தர் கிடைக்காததால் ஒரு நகரத்தின் பெயரே கெட்டுப்போன கதைதான் இது. ஊர் அட்லாண்டா. வருஷம் 1996. விசேஷம், ஒலிம்பிக்ஸ்.

ஆபீஸ் ஆணி காரணமாக அந்த ஊரில் ஒரு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு அங்கே ரிங் ரோடு பக்கம் போனீங்கன்னா கிண்டி கத்திப்பாரா கோயில் மாதிரி அமைதியா தெரியும். டீமில் ஒரு சீனியர், ரிட்டயர் ஆகிற வயசு. தினமும் லேட்டாக வருவார், தினமும் டிராஃபிக்கைத் திட்டுவார், கடைசியில் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்லுவார்: "96-ல அந்த 17 நாள் மட்டும்தான் இந்த ரோடு ரோடா இருந்துச்சு." எனக்குக் குழப்பம். ஏன்னா நான் படிச்ச வரைக்கும் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் என்றாலே போக்குவரத்து சொதப்பல்தான். பெரிய விழாவுக்கு ஒரு நகரம் எப்படித் தயாராகக் கூடாது என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம். இவர் என்னடான்னா தலைகீழா சொல்றார். இந்த முடிச்சை அவிழ்க்கலாமேன்னு வார இறுதிகளில் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு குட்டி கொசுவத்தி. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக்ஸ். மெட்ரோ ரயிலே கிடையாது அப்போ, அது வந்தது 1990-ல். எல்லாருமே காரில் திரியும் ஊர். விளையாட்டுகள் தொடங்கினதும் நகரம் அப்படியே உறைஞ்சு நின்னுடும் என்று பத்திரிகைகள் பயமுறுத்தின. பயமுறுத்தினதே நல்லதாப் போச்சு. கம்பெனிகள் வேலை நேரத்தை மாற்றின, லாரிகள் ராத்திரியில் சரக்கு இறக்கின, பலர் லீவு போட்டார்கள். விளையாட்டரங்கைச் சுற்றி 118 சிக்னல்களையும், ரோட்டில் பதித்த 396 உணரிகளையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்து, வண்டி வரத்தைப் பார்த்துப் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். (நம்ம ஆளுங்க யாரோ 1984-லயே ரியல் டைம் சிஸ்டம் எழுதி, டெட்லைனுக்குள்ள லைவும் பண்ணியிருக்காங்க. கும்பிடு சாமி.) ரோடுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும் பழைய குருடி கதவைத் திறடி. அந்த சிக்னல் ஏற்பாடு மட்டும் மிஞ்சி, பிறகு நகரம் முழுக்கப் பரவியது.

ஆக, அட்லாண்டாவுக்கு முன்னால் ஜெயித்த முன்மாதிரி ஒன்று இருந்தது. அதோடு லாஸ் ஏஞ்சலஸுக்கு இல்லாத ஒன்றும் அட்லாண்டாவிடம் இருந்தது. மெட்ரோ. பெயர் மார்ட்டா.

மார்ட்டாவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது, கொஞ்சம் பொறுங்க. திட்டம் போட்டபோது ஐந்து மாவட்டங்களை இணைக்கும் ரயில் என்றுதான் பேச்சு: ஃபுல்டன், டிகால்ப், காப், குவின்னெட், கிளேட்டன். 1965-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள், காப் வேண்டாம் என்றது. 1971-ல் வரி போடுவதற்காக மறுபடி வாக்கெடுப்பு. குவின்னெட்டும் கிளேட்டனும் வேண்டாம் என்றன. காரணம் ஊரறிந்தது. நகரத்துக்குள் கறுப்பின மக்கள், அவர்களிடமிருந்து விலகி வெள்ளையர்கள் குடிபோன புறநகர்கள். ரயில் வந்தால் "அவங்களும்" வந்துடுவாங்க. மார்ட்டா என்ற சுருக்கத்துக்கு, கறுப்பர்களை வேகமாக ஏற்றிப்போகும் ரயில் என்று விரிவாக்கம் சொல்லிக் கேலி பேசினார்கள். கடைசியில் ஃபுல்டனும் டிகால்பும் மட்டும் ஒரு சதவீத விற்பனை வரி கட்டி, 1979-ல் ரயில் ஓடத் தொடங்கியது. ஐந்து விரல் கைக்குத் தைத்த கையுறையை இரண்டு விரல் போட்டுக்கொண்ட மாதிரி.

1990 செப்டம்பரில் டோக்கியோவில் ஓட்டெடுப்பு. நூற்றாண்டு ஒலிம்பிக்ஸ் ஏதென்ஸுக்குத்தான் போகும் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தபோது அட்லாண்டா தட்டிக்கொண்டு போனது. முயற்சியின் சூத்திரதாரி பில்லி பெய்ன் என்ற ரியல் எஸ்டேட் வக்கீல். அன்றைக்கு நகர எல்லைக்குள் மக்கள்தொகை சுமார் 4 லட்சம்தான். விற்கப்போகும் டிக்கெட்டோ 80 லட்சத்துக்கும் மேல்.

திட்டம் என்னவோ அழகான திட்டம். ஊர் நடுவில் ஒன்றரை மைல் ஆரத்தில் ஒரு கற்பனை வட்டம். அதற்கு ஒலிம்பிக் வளையம் என்று பெயர். பெரும்பாலான அரங்குகள் அதற்குள். பார்வையாளருக்கு அரங்கருகே பார்க்கிங் கிடையாது. விளையாட்டு டிக்கெட்டைக் காட்டினால் ரயிலும் பஸ்ஸும் இலவசம். ரயில் 24 மணி நேரமும் ஓடும். நெடுஞ்சாலைகளில் ஒன்றுக்கு மேல் ஆள் ஏறின கார்களுக்குத் தனித் தடம். ரோட்டில் கேமரா வைத்துக் கண்காணிக்கும் நேவிகேட்டர் என்ற ஏற்பாடு. வடக்குப் பாதையில் பக்ஹெட், மெடிக்கல் சென்டர், டன்வுடி என மூன்று புது ஸ்டேஷன்கள் 1996 ஜூன் 8 அன்று திறந்தன, தொடக்க விழாவுக்கு ஆறு வாரம் முன்னால். கடைசி நிமிஷ ரிலீஸ் என்பது நம்ம தொழிலுக்கு மட்டும் சொந்தமில்லை போல :-)

ரயில் போகாத இடத்துக்கு பஸ். அவ்வளவு பஸ் அட்லாண்டாவில் ஏது? நாடு முழுக்கப் பல நகரப் போக்குவரத்துக் கழகங்களிடம் இரவல் கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. டிரைவர்களும் வெளியூரிலிருந்து வந்தார்கள்.

இங்கேதான் சனி பிடித்தது.

அட்லாண்டாவில் வண்டி ஓட்டுவது என்னன்னு கொஞ்சம் சொல்றேன். அந்த ஊரில் பீச்ட்ரீ என்ற பெயர் வரும் தெருக்கள் எழுபதுக்கும் மேல். பீச்ட்ரீ ஸ்ட்ரீட், வெஸ்ட் பீச்ட்ரீ ஸ்ட்ரீட், பீச்ட்ரீ ரோடு, பீச்ட்ரீ பேட்டில் அவென்யூ, பீச்ட்ரீ இண்டஸ்ட்ரியல் பொலிவார்டு, பீச்ட்ரீ டன்வுடி ரோடு... ஒன்றிலிருந்து இன்னொன்று எங்கே பிரிகிறது என்பதை, கையில் செல்போன் வரைபடம் வைத்துக்கொண்டே நான் இரண்டு முறை கோட்டை விட்டிருக்கிறேன். 1996-ல் அதுவும் இல்லை. ஜி.பி.எஸ். இருந்தது, ஆனால் பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் அமெரிக்க அரசே வேண்டுமென்று பிழை கலந்து விட்டிருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்தினது 2000 மே மாதத்தில்தான். அப்போ டிரைவருக்கு என்ன துணை? கொஞ்ச நேரப் பயிற்சி, காகிதத்தில் எழுதின வழி, வெயில். அப்புறம் பின்னாடி உட்கார்ந்து கத்தும் பயணிகள்.

பயணிகள் யார் என்பதுதான் இதில் முக்கியம். பார்வையாளருக்கு ரயில் இருந்தது. விளையாட்டு வீரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும்தான் இந்தத் தனி பஸ்கள். வீரர்கள் தங்கிய கிராமம் ஜார்ஜியா டெக் வளாகத்தில். படகுப் போட்டியோ லேனியர் ஏரியில், வடகிழக்கே சுமார் 55 மைல். முதல் நாட்களில் பஸ் வரவில்லை, வந்தது வழி தவறியது, சில வண்டி நடுவழியில் நின்றது. வேலையே வேண்டாம் என்று கிளம்பிப்போன டிரைவர்களும் உண்டு. காத்திருந்து வெறுத்துப்போன பிரிட்டன், உக்ரைன், போலந்து படகு வீரர்கள் வேறெங்கோ போக வேண்டிய பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, ஏரிக்கு விடு என்று மிரட்டாத குறையாகக் கிளப்பிக்கொண்டு போன கதை அன்றைக்கு உலகம் பூரா ஓடியது. சிரிப்பா இருக்கும். ஆனா நாலு வருஷமா விடியற்காலையில் துடுப்புப் போட்டவனுக்கு அந்த ஒரு காலை என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. அந்த ஒலிம்பிக்ஸில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அந்த ஏரியில்தான் கிடைத்தது, ரெட்கிரேவும் பின்செண்டும் வாங்கினது.

மறுபக்கம் பத்திரிகைக்காரர்கள், சுமார் 15,000 பேர். அவர்கள் பஸ்ஸும் இதே கதிதான். லேட்டாகப் போய்ச் சேர்ந்து, முடிவையாவது கம்ப்யூட்டரில் எடுக்கலாம் என்றால் அங்கே ஐ.பி.எம். செய்து தந்த ஏற்பாடு படுத்துவிட்டது. செய்தி நிறுவனங்களுக்குத் தானாகப் போக வேண்டிய முடிவுகள் போகவில்லை, போனதும் தப்பு. குத்துச்சண்டை வீரர் ஒருவரின் உயரம் இரண்டு அடி, வாள்வீச்சு வீரர் ஒருவரின் வயது 97 என்றெல்லாம் வந்தது. முடிவுகளைக் காகிதமாக ஃபேக்ஸில் அனுப்பினார்கள். (இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் எழுதின ஒரு அப்டேட் ஸ்டேட்மெண்ட்டில் கண்டிஷன் விட்டுப்போய்... வேண்டாம், அது வேற கதை.)

ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்னு, வழி தெரியாத பஸ்ஸில் சுத்தி, வந்து பார்த்தால் ரெண்டு அடி குத்துச்சண்டை வீரர். அப்படிப்பட்ட மனுஷன் ராத்திரி உட்கார்ந்து எழுதும் செய்தி எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஜூலை 27 அதிகாலை பூங்காவில் குண்டு வெடித்து ஒரு பெண் இறந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்ட பிறகு தொனி மாறியது, ஆனால் பஸ் கதைகள் அழியவில்லை. ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ் முடிவிலும், இதுவரை நடந்ததிலேயே சிறந்தது என்று வாழ்த்தும் வழக்கமுள்ள சமரான்ச், அட்லாண்டாவுக்கு அதைச் சொல்லவில்லை. மிகவும் விதிவிலக்கானது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஊரே அதைக் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டது. நாலு வருஷம் கழித்து சிட்னிக்கு அந்தப் பட்டத்தைத் தாராளமாகக் கொடுத்தார்.

ரயிலில் போன லட்சக்கணக்கானவர்களின் கதை? ரயிலில் நெரிசல் இருந்தது, புழுக்கம் இருந்தது, பார்வையாளருக்கு விட்ட ஷட்டில் பஸ்களும் முதல் சில நாள் தடுமாறின. மொத்தத்தில் மார்ட்டா தாங்கியது, ராத்திரி பகல் பாராமல் ஓடியது. ஒழுங்காக ஓடின ரயிலைப் பற்றி யார் எழுதுவார்கள்? அதில் போனவர்கள் யாரும் நிருபர்கள் இல்லை. சீனியர் சொன்ன 17 நாளும் நான் படித்த 17 நாளும் வேற வேறயாக இருந்த ரகசியம் இதுதான் என்று தோன்றியது. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஏறின வண்டி வேற.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சப்போதான் ஒரு மருத்துவக் கட்டுரை கண்ணில் பட்டது. 2001-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்தது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள், ஒலிம்பிக்ஸ் நடந்த 17 நாளையும் அதற்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு வாரங்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். வேலை நாட்களின் காலை உச்ச நேர வாகன எண்ணிக்கை 22.5 சதவீதம் குறைவு. காற்றில் ஓசோனின் உச்ச அளவு 27.9 சதவீதம் குறைவு. (ஓசோன் மேலே இருந்தால் குடை, கீழே மூக்கருகே இருந்தால் விஷம். வண்டிப் புகை வெயிலில் வெந்து உண்டாவது.) ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தின் கணக்குப்படி, ஆஸ்துமா முற்றி அவசரமாகத் தூக்கிக்கொண்டு வந்த குழந்தைகள் 41.6 சதவீதம் குறைவு. மற்ற நோய்களுக்கு வந்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை.

படிச்சதும் சிலிர்த்துப் போச்சு. எங்க வீட்டில் தங்கச்சிக்கு வீசிங் உண்டு. நடுராத்திரி அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடி ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உலகமே காறித் துப்பின ஒரு போக்குவரத்து ஏற்பாடு, கணக்கில் வராத ஏதோ ஒரு அப்பாவை ராத்திரி நிம்மதியாகத் தூங்க வச்சிருக்குன்னா, அப்புறம் என்ன பஸ், என்ன ஏரி! அடுத்த நாளே சீனியரிடம் சொல்லி இரண்டு பேரும் குதித்தோம்.

அவசரப்பட்டுட்டேன். 2010-ல் இன்னொரு ஆய்வு வந்திருக்கிறது. அதே 17 நாள், கூடுதல் தரவு, கூடுதல் மருத்துவமனைகள், பக்கத்து வருஷங்களின் கணக்கும் சேர்த்து. ஓசோன் குறைந்தது உண்மை. ஆனால் அதே நாட்களில், ஒலிம்பிக்ஸ் நடக்காத மற்ற தென்கிழக்கு நகரங்களிலும் குறைந்திருக்கிறது. அப்போ பெரும்பங்கு வானிலையின் கைங்கரியம். காலை உச்ச நேரத்தில் வண்டிகள் குறைந்தது உண்மை, ஆனால் முழு நாளுக்கும் கூட்டிப் பார்த்தால் பெரிய மாற்றமில்லை. எட்டு மணிக்குப் போனவர்கள் வேறு நேரத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். ஆஸ்துமாவும் அப்படித்தான். கோடை விடுமுறையில் எந்த வருஷமும் குறையும், பள்ளி திறந்ததும் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால், அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் குறைந்ததற்குத் திடமான ஆதாரம் கிடைக்கவில்லை. முதல் கட்டுரையிலேயே ஒரு எச்சரிக்கை ஒளிந்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை. 41.6 சதவீதம் என்பது, நாளுக்குச் சராசரி 4.23 குழந்தைகள் என்பதிலிருந்து 2.47 என்று இறங்கியது. சின்ன எண்ணில் சதவீதம் போட்டால் எதுவும் மலையாகத் தெரியும். ஏ/பி டெஸ்ட் ரிசல்ட்டை மேனேஜரிடம் காட்டி நானே செய்திருக்கிற வித்தைதான்.

பத்திரிகைக்காரர்கள் தங்கள் பஸ்ஸிலிருந்து எழுதினார்கள் என்று குறை சொன்னேன் இல்லையா? நானும் அந்த ராத்திரி ஆட்டோவிலிருந்து படித்திருக்கிறேன்.

இருந்தாலும் ஒரு விஷயம் எந்த ஆய்விலும் கரையவில்லை. காலை நேரத்தில் ஐந்தில் ஒரு வண்டியை ரோட்டிலிருந்து நகர்த்த அட்லாண்டாவால் முடிந்தது. மேம்பாலம் கட்டி இல்லை. வேலை நேரத்தை மாற்றி, வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லி, ராத்திரியில் சரக்கு இறக்கி, ரயிலை விடிய விடிய ஓட்டி. சொதப்பியது ஒரு துண்டில்தான், வழி தெரியாத ஆளிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்த துண்டில். அந்தத் துண்டை சிட்னி கவனமாகப் படித்தது. ரோடு, ரயில், பஸ் எல்லாவற்றையும் ஒரே அதிகாரத்தின் கீழ் 1997-லேயே கொண்டுவந்தார்கள். ஒலிம்பிக் பூங்காவுக்கு ரயில் பாதை போட்டு 1998-ல் திறந்து, அதே வருஷம் ஈஸ்டர் கண்காட்சிக் கூட்டத்தை வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நிஜக் கூட்டத்தை ஏற்றிப் பார்த்தாச்சு. அப்படியும் 2000-ல் முதல் நாட்களில் வெளியூர் பஸ் டிரைவர்கள் அங்கேயும் வழி தவறினார்கள்! 2012-ல் லண்டன். விமான நிலையத்திலிருந்து வந்த பஸ் நாலு மணி நேரமாக ஊரைச் சுற்றுகிறது என்று அமெரிக்கத் தடை ஓட்ட வீரர் கெரான் கிளமெண்ட் பஸ்ஸுக்குள்ளிருந்தே ட்விட்டரில் புலம்பினார். கையில் செல்போன் வந்தாச்சு, வழி சொல்லும் கருவி வந்தாச்சு, பஸ் மட்டும் அப்படியே. 1996-ல் நிருபர் வேண்டியிருந்தது, 2012-ல் அதுவும் தேவைப்படவில்லை.

அட்லாண்டாவில் அந்த 17 நாளில் மிஞ்சியது என்ன? மூன்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன. நான் தினமும் இறங்கினது அதில் ஒன்றில்தான். தனித் தடங்கள் இருக்கின்றன. ஒலிம்பிக் அரங்கம் பேஸ்பால் மைதானமாக மாறியது, 1997-லிருந்து 2016 வரை பிரேவ்ஸ் அணி அங்கே ஆடியது. பிறகு 2017-ல் அந்த அணி மூட்டை கட்டிக்கொண்டு புது மைதானத்துக்குப் போய்விட்டது. எங்கே தெரியுமா? காப் மாவட்டத்துக்கு. 1965-ல் மார்ட்டா வேண்டாம் என்ற அதே காப். இன்றைக்கும் அங்கே மார்ட்டா ரயில் போவதில்லை. கிளேட்டன் 2014-ல் மனசு மாறி மார்ட்டாவில் சேர்ந்தது. குவின்னெட் 2019-ல் மறுபடி வாக்கெடுப்பு வைத்து, மறுபடி வேண்டாம் என்றது. 2024 நவம்பரில் காப், குவின்னெட் இரண்டிலும், பொதுப் போக்குவரத்தை விரிவாக்க ஒரு சதவீத விற்பனை வரி போடலாமா என்று கேட்டார்கள். இரண்டிலும் தோற்றது. 2026 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒரு அரையிறுதி உட்பட எட்டு ஆட்டங்களை அட்லாண்டாவுக்கு ஒதுக்கினபோது, பார்வையாளரை ஏற்றிப்போக நம்பினது அந்த இரண்டு மாவட்டத்து வரியில் பிறந்த ரயிலைத்தான்.

நம்ம சீனியர் வீடு காப் மாவட்டத்தில். தேர்தல் முடிந்த மறுநாளும் லேட்டாகத்தான் வந்தார். வழக்கம்போல டிராஃபிக்கைத் திட்டினார், வழக்கம்போல 96-ஐ நினைத்துப் பெருமூச்சு விட்டார். மனசு கேட்காமல் கேட்டே விட்டேன், "அந்தப் பஸ் வரிக்கு நீங்க என்ன போட்டீங்க?"

காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வேண்டாம்னுதான். முப்பது வருஷத்துக்கு வரி கட்டணுமாம்பா."